நாலை இறக்கி எட்டை ஏற்றிய கதை

பானெட் மூடவில்லை.

ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கராஜுக்குத் தின்னக் கொடுத்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒருவழியாகக் காருக்குள் இறக்கி, குழாய், ஒயர் எல்லாம் மாட்டி முடித்த இரவு அது. பானெட்டை மெதுவாக இறக்கினேன். கார்புரேட்டர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பக்கப் பூட்டுக்கும் அது விழ வேண்டிய இடத்துக்கும் நடுவே என் மூன்று விரல் தாராளமாகப் போனது. ஏறி உட்கார்ந்தால் மூடிவிடுமோ என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த வேலை ஆளை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

கார், எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1978-ஆம் வருடத்து எம்ஜிபி ஜிடி. இங்கிலாந்தில் ஸ்விண்டனில் இருக்கிறேன்; வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் மட்டும் நிற்கும் கராஜ். 2012-ல் இந்தக் காரை வாங்கி முதல்முறை பானெட்டைத் திறந்தபோது, ஏற்கனவே தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ஈரோட்டில் பெரியப்பாவிடம் இருந்த அம்பாசடரின் இன்ஜின்! அதே ராக்கர் கவர், அதே ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர், அதே டேப்பெட் சத்தம். விசாரித்தால் உண்மையிலேயே ஒரே குடும்பம்தான். இரண்டும் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ இன்ஜின். அம்பாசடருக்கு 1489 சிசி, எம்ஜிபிக்கு 1798 சிசி. ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு உள்ளே இருந்தது டாக்ஸி இன்ஜினின் அண்ணன். எண்பத்துச் சொச்சம் குதிரைத்திறன். பார்க்க அழகு, மேட்டில் ஏறினால் அழுகை.

இதற்கு மருந்து என்ன என்பது எம்ஜி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ரோவரின் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்.

அந்த இன்ஜினின் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. அது பிறந்தது அமெரிக்காவில். ப்யூக் நிறுவனம் 1961 மாடலுக்காகச் செய்த முழு அலுமினிய வி8. இரண்டு மூன்று வருடத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். 1965-ல் ரோவர் அதன் உரிமையை வாங்கி, 3528 சிசி இன்ஜினாகத் தன் கார்களிலும் ரேஞ்ச் ரோவரிலும் போட்டது. இதன் அழகே எடைதான். எட்டு சிலிண்டர் அலுமினிய இன்ஜினும், எம்ஜிபியில் இருந்த நாலு சிலிண்டர் இரும்பு இன்ஜினும் ஏறக்குறைய ஒரே எடை. இதற்கு முன்னால் 1967-ல் எம்ஜி தானே ஒரு ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினை இதே உடலில் திணித்து ‘எம்ஜிசி’ என்று விற்றது. மூக்கில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று எழுதினார்கள். 1969-லேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

அப்புறம் கென்ட் பகுதியில் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970 வாக்கில் தன் பட்டறையில் எம்ஜிபிக்குள் வி8-ஐ வைத்து விற்க ஆரம்பித்தார். அப்போது எம்ஜியை வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனமே அவர் காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு 1973 ஆகஸ்டில் தன் சொந்த எம்ஜிபி ஜிடி வி8-ஐ வெளியிட்டது. அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. இதைவிட மோசமான முகூர்த்தம் கிடைக்காது. 1976-ல் நிறுத்தியபோது மொத்தம் 2591 கார்கள்தான் வெளியே வந்திருந்தன. இன்று அவற்றின் விலை எனக்கு எட்டாது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் வீட்டிலேயே செய்கிறோம்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை இன்ஜினியர்கள் இதே காருக்குள் இதே இன்ஜினை வைத்து, வந்த பிரச்சினை ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை கண்டுபிடித்து, அதை 2591 முறை செய்தும் காட்டிவிட்டார்கள். அந்த விடைகளை நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, “இதற்கெல்லாம் தனி பார்ட்ஸா, நம்மிடம் இருப்பதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்” என்று முடிவு செய்தேன். மூடாத பானெட் அதற்குக் கிடைத்த முதல் தண்டனை.

என்ன நடந்தது என்றால், நான் வாங்கிய இன்ஜின் ரோவர் எஸ்டி1 காரிலிருந்து வந்தது. அதன் மேலேயே, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் கொண்டுபோகும் இன்லெட் மேனிஃபோல்டும் இரண்டு எஸ்யு கார்புரேட்டரும் இருந்தன. இலவசமாகக் கிடைத்ததை விடுவானேன் என்று அப்படியே வைத்தேன். எஸ்டி1 உயரமான இன்ஜின் அறை உள்ள கார், எம்ஜிபி தாழ்வானது. அபிங்டன்காரர்கள் இதற்காகவே தனி மேனிஃபோல்டு செய்து, கார்புரேட்டர் இரண்டையும் பின்னால் தள்ளி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சுவரோரமாக வைத்தார்கள். அதனால் பானெட்டில் மேடு தேவைப்படவில்லை. எனக்கு அந்தப் பழைய பாகங்கள் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு தாழ்வான அலுமினிய மேனிஃபோல்டும் நான்கு வாய் உள்ள ஒரு ஹாலி கார்புரேட்டரும் வாங்கினேன்.

இரண்டாவது முறை ஏமாற விருப்பமில்லை. பிள்ளையின் பெட்டியிலிருந்து பிளாஸ்டிசின் களிமண்ணை எடுத்து, எலுமிச்சம்பழ அளவில் நாலு உருண்டை பிடித்து, ஏர் ஃபில்டர் மூடியின் மேல் மூலைக்கொன்றாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானெட்டை இறக்கினேன். திறந்து பார்த்தால் மூன்று உருண்டைகள் தோசை மாதிரி தட்டையாகியிருந்தன, ஒன்று அப்பளம். அளந்தேன். பன்னிரண்டு, பதினொன்று, பதினான்கு, மூன்று மில்லிமீட்டர். அந்த மூன்று போதாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வி8 தன் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். நின்றிருக்கும்போது மூன்று மில்லி என்றால் ஓடும்போது பானெட்டைத் தட்டும். பானெட்டுக்கு உள்ளே இருக்கும் குறுக்குப் பட்டையை அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை மடித்துவிட்டேன். இதைச் செய்பவர்கள் பார்ட்ஸ் எதையும் வாங்குமுன் இந்தக் களிமண் வேலையைச் செய்துவிடுங்கள். வெறும் பிளாக்கை மவுண்ட்டில் உட்காரவைத்து, மேனிஃபோல்டுக்குப் பதில் அதே உயரத்துக்கு அட்டைப் பெட்டி வெட்டி வைத்தாலே உண்மை தெரிந்துவிடும்.

கார் தேர்வில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். 1974-ன் கடைசியில் எம்ஜிபிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அழகைக் கெடுத்துவிட்டார்கள் என்று இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் வி8-க்கும் நாலு சிலிண்டருக்கும் ஒரே உடலைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதனால் இன்ஜின் அறையின் பக்கச் சுவர்கள் ஏற்கனவே வி8-க்கு ஏற்றபடி ஒதுங்கியிருக்கும். 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரும் முன்னால் போய், மின்விசிறியும் வந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும் அசிங்கமான மாடல்தான் இந்த வேலைக்கு உத்தமம். குரோம் பம்பர் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு வெட்ட வேண்டியிருக்கும்.

இன்ஜினிலும் ஒரு வார்த்தை. ரோவர் வி8 பின்னாளில் 3.9 லிட்டர், 4.6 லிட்டர் என்று வளர்ந்தது. பெரியதையே போடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வெளி அளவு மாறாமல் சிலிண்டர் துளையைப் பெரிதாக்கினால் நடுவில் இருக்கும் அலுமினியச் சுவர் மெலிகிறது. சூடு ஏறினால் சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் குழாய் நகர்வது, பின்னால் விரிசல் விட்டு கூலன்ட் கசிவது என்று பெரிய இன்ஜின்களுக்கு ஒரு பெயர் உண்டு. பழைய 3.5-க்கு அந்தத் தொல்லை குறைவு. எஸ்டி1-ல் அது 155 குதிரைத்திறன் கொடுத்தது. தொழிற்சாலை எம்ஜியில் போட்டதே 137 தான். என் பழைய நாலு சிலிண்டரோடு பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு அது போதும்.

விற்றவர் “கழற்றும்போது நன்றாக ஓடியது” என்றார். எல்லாப் பழைய இன்ஜின்களும் கழற்றும்போது நன்றாகத்தான் ஓடியிருக்கின்றன. இன்லெட் மேனிஃபோல்டை எடுத்ததும் உள்ளே, இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு முழுக்கக் கறுப்புக் களி. எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். கரண்டியால் அள்ளினேன், இரண்டு பழைய ஐஸ்கிரீம் டப்பா நிரம்பியது. அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் அதை உறிஞ்சும் வலை பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டில் இரண்டு முனைகள் மூக்கு தேய்ந்து வட்டமாகிவிட்டன. கேம், டேப்பெட், டைமிங் செயின், பேரிங் எல்லாம் புதுசு. இந்த இன்ஜினை வாங்குபவர்கள் இதையெல்லாம் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அலுமினியத்தில் வேலை செய்து பழகாதவன் நான். முன்பக்க மூடியில் ஒரு போல்ட்டை, “இன்னும் கால் சுற்று” என்று இறுக்கினேன். ஸ்பானர் திடீரென்று இலேசாகிவிட்டது. மரை போய்விட்டது. அந்த உணர்வு கையில் வந்தால் வயிற்றிலும் வரும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்விண்டன் ரயில்வே பட்டறையில், 1986-ல் அதை மூடும்வரை, ஃபிட்டராக இருந்தவர். வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய், துளையைப் பெரிதாக்கிச் சுருள் கம்பியை உள்ளே திருகும் ஹெலிகாயில் பெட்டியை எடுத்துவந்தார். அதைவிட முக்கியமாக, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் தன் டார்க் ரெஞ்சையும் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர்தான் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார்: சிலிண்டர் ஹெட்டின் பதினான்கு போல்ட்டுகளில் வெளி வரிசையில் இருக்கும் நாலையும் மற்றவை போல இறுக்கினால் ஹெட் வெளிப்பக்கம் சாய்ந்து, உள்பக்கம் கேஸ்கெட் கசியும். பின்னாளில் ரோவரே அந்த நாலையும் எடுத்துவிட்டுப் பத்து போல்ட்டாக்கிவிட்டது. என் ஹெட்டில் அந்த நாலும் பெயருக்குத்தான் இறுகியிருக்கின்றன.

எண்ணெய் பம்ப்பைப் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தேன். கேட்டேனா? இந்த இன்ஜினில் பம்ப் முன்பக்க மூடியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. காய்ந்த பல்சக்கரங்கள் காற்றைத்தான் சுற்றும், எண்ணெயை இழுக்காது. அதனால் பூட்டும்போதே பம்ப்புக்குள் வாசலினை அடைக்க வேண்டும். நான் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் போதும் என்று நினைத்தேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினேன். பத்து விநாடி. எண்ணெய் அழுத்த முள் அசையவில்லை. இன்னொரு பத்து விநாடி. அசையவில்லை. புது பேரிங்குகள் எண்ணெயில்லாமல் உரசுவதை நினைத்தாலே கை நடுங்கியது, நிறுத்திவிட்டேன். மூடியைக் கழற்றி, மருந்துக்கடையில் ஒரு பெரிய டப்பா வாசலின் வாங்கி, விரலால் பல் இடுக்கு ஒவ்வொன்றிலும் பூசி நிரப்பினேன். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தால் அதன் துளை வழியாகவே பம்ப்பின் தண்டை எட்டலாம். நீளமான ஸ்க்ரூடிரைவர் முனையை டிரில்லில் மாட்டி அதைச் சுற்றினேன். ஏழெட்டு விநாடியில் டிரில்லின் குரல் மாறியது. சும்மா சுற்றிக்கொண்டிருந்தது திடீரென்று பாரம் இழுக்கிற மாதிரி கனத்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், “அப்பா, நாப்பது!” என்று கத்தினான்.

முதல் ஸ்டார்ட் தனி நாடகம். புது கேம் போட்டால் இன்ஜின் உயிர் பெற்றதும் ஐடிலில் விடக்கூடாது. உடனே இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கேம் முனைகளின் மேல் எண்ணெய் தெறித்து, டேப்பெட்டோடு பொருந்திப் பழகும். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் புது கேம் பழைய கேம் ஆகிவிடும். புது எக்ஸாஸ்ட் குழாயின் பூச்சு எரிந்து தெருவே புகை. என் கண் வெப்ப முள்ளிலும், கால் தீயணைப்பான் பக்கத்திலும். இருபது நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்று: இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் ஐயாயிரம் காட்டியது. ஒரு நொடி உயிரே போய்விட்டது. நாலு சிலிண்டருக்கான மீட்டர் எட்டு சிலிண்டரின் பொறிகளை எண்ணினால் இரட்டிப்பாகத்தானே காட்டும். பின்னர் அதைச் சரிசெய்து வாங்கினேன். அதுவரை பாதியாக வகுத்துக்கொண்டே ஓட்டினேன். இந்த இன்ஜினுக்குத் தட்டையான டேப்பெட், அதனால் துத்தநாகம் சேர்ந்த பழைய கார் எண்ணெய், 20டபிள்யூ-50, அதுதான் ஊற்றுகிறேன். நவீன கார்களின் தண்ணியான எண்ணெய் இதற்கு ஆகாது.

அன்று இரவு பெரியப்பாவுக்கு வீடியோ போட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏன்டா, ஓடீட்டிருந்த இன்ஜின எதுக்குடா கழட்டுன?” என்றார். பதில் இல்லை.

வெயில் வந்தபிறகுதான் உண்மையான பாடம். ஸ்விண்டனில் ‘மேஜிக் ரவுண்டபவுட்’ என்று ஒன்று இருக்கிறது. 1972-ல் கட்டியது. ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி ஐந்து சின்ன ரவுண்டானாக்கள். நடு வட்டத்தில் வண்டிகள் எதிர்த்திசையில் சுற்றும். இங்கே கார் ஓட்டிப் பழகியவர்களே முதல்முறை வந்தால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். ஜூன் மாதத்து மாலை, பக்கத்தில் வரிசை நகரவில்லை, ஒருவழியாக உள்ளே நுழைந்தேன், இரண்டாவது சின்ன ரவுண்டானாவில் இன்ஜின் இருமி நின்றது. ஸ்டார்ட்டர் ‘கிர்ர்’ என்று முனகியது, சுற்றவில்லை. ஐந்து திசையிலிருந்து ஐந்து விதமான ஹார்ன். வெப்ப முள் கொதிநிலையில் இல்லை, கூலன்ட் சரி. ஆனால் பானெட்டைத் தொட முடியவில்லை.

தண்ணீரை எவ்வளவு குளிர்வித்தும் பயனில்லை. சூடு காற்றில் இருந்தது. நான் போட்டிருந்தது பிளாக்கை ஒட்டியே வளையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இறுக்கமான அறைக்குள் இரண்டு பக்கமும் தணல் வைத்த மாதிரி. கார் நகரும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போகும். நின்றால் எல்லாம் அங்கேயே தங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும், குழாயை ஒட்டி இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் வெந்துபோய்ச் சுற்றாது. முதலில் மலிவான வைத்தியங்களையெல்லாம் பார்த்தேன். எக்ஸாஸ்ட்டுக்குத் துணி நாடா சுற்றினேன். ஸ்டார்ட்டருக்குத் தகர மறைப்பு வைத்தேன். கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான தடுப்பு. என் காரில் ஒரே மின்விசிறி. தொழிற்சாலை வி8-க்கு இரண்டு போட்டிருந்தார்கள். நானும் இரண்டாவதைச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. முழுக்கத் தீர்த்தது வேறு.

1992-ல் எம்ஜி மறுபடியும் இந்தப் பழைய உடலை வைத்தே ‘ஆர்வி8’ என்று ஒரு காரைச் செய்தது. 3.9 லிட்டர், பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. அதில் எக்ஸாஸ்ட் குழாய்கள் இன்ஜின் அறையின் பக்கச் சுவரைத் துளைத்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடம் வழியாகக் கீழே இறங்கும். சூடு அறைக்குள் தங்குவதே இல்லை. இதற்கு ஆறு மாதம் தயங்கினேன். நல்ல உடலில் இரண்டு பக்கமும் தட்டு அளவுக்கு ஓட்டை போட யாருக்கு மனசு வரும்? அட்டையில் மாதிரி வெட்டி, மூன்று முறை அளந்து, கடைசியில் வெட்டினேன். ஓட்டையின் ஓரத்தைச் சுற்றித் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. இல்லாவிட்டால் அந்த மூலையில் நாளடைவில் விரிசல் வரும். இப்போது ஆகஸ்டில் நெரிசலில் நின்றாலும் முள் நடுவில்தான்.

பின் ஆக்ஸில் விஷயத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு சிலிண்டர் எம்ஜிபியின் ஆக்ஸில் விகிதம் 3.9, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.9 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. தொழிற்சாலை வி8-க்கு 3.07 போட்டது. நான் எஸ்டி1-ன் ஐந்து கியர் பெட்டி வைத்திருப்பதால் பழைய ஆக்ஸிலே போதும், ஐந்தாவது கியர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். முதல் கியர் எதற்கும் உதவவில்லை. கார் நகர்ந்ததும் முடிந்துவிடும். எழுபது மைல் வேகத்தில் ஐந்தாவது கியரிலும் மூவாயிரத்து இருநூறு சுற்றுக்குப் பக்கம் கத்தியது. 3.07 மாற்றியபிறகு அதே வேகத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு. வி8-ன் சுகமே சோம்பேறித்தனமாக இழுப்பதுதான். அது அப்போதுதான் கிடைத்தது. ஆக்ஸிலை முதலிலேயே மாற்றியிருந்தால் அந்தத் தண்டை, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் இரண்டு முறை கழற்ற வேண்டியிருக்காது.

அந்த ஷாஃப்ட்டிலும் என் கைவரிசை உண்டு. கியர்பாக்ஸ் மாறினால் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். அளந்து கொடுத்தால் வெட்டித் தருவார்கள். நான் காரை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்தேன். காரைச் சக்கரத்தில் இறக்கியதும் ஆக்ஸிலின் இடமே மாறிவிடுகிறது, ஷாஃப்ட்டின் சறுக்கும் இணைப்பில் தேவையான இடைவெளி இல்லை. மறுபடியும் காசு. சக்கரத்தில் நிற்கும் காரில், டிக்கியில் கொஞ்சம் பாரத்தோடு அளக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலை முன்பக்கத்துக்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் போட்டது. நான் இதை மட்டும் முதலிலேயே செய்துவிட்டேன், ஏனென்றால் மனைவி, “ஏங்க, நிக்குறதுக்கு என்ன செஞ்சிருக்கீங்க?” என்று கேட்டாள். இரண்டு மடங்கு சக்தி என்று நான் பெருமையடித்ததற்கு அவளுக்குத் தோன்றிய ஒரே கேள்வி அது.

காகித வேலையை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதுவும் பாதி தலைவலி. இன்ஜின் எண்ணும் சிசியும் மாறினால் இங்கிலாந்தின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவித்து, லாக் புக் என்ற பதிவுப் பத்திரத்தைத் திருத்த வேண்டும். சிசி மாறியதற்கு ஆதாரம் கேட்பார்கள். நான் இன்ஜினை ரொக்கத்துக்கு வாங்கி, ரசீது வாங்காமல் வந்துவிட்டேன். மறுபடியும் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, இன்ஜின் எண்ணோடு எழுதி வாங்க ஒரு மாதம் ஆனது. அப்போதைய கணக்குப்படி ஒரு காரின் அடையாளத்துக்குப் புள்ளிகள் உண்டு: உடலுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இன்ஜினுக்கு ஒன்று. எட்டு தேறினால்தான் பழைய நம்பர் பிளேட். இத்தனை ஆட்டம் ஆடிய இன்ஜினுக்கு ஒரே புள்ளி! இன்ஜினும் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் போக எனக்கு ஒன்பது மிஞ்சியது. ஆனால் உடலை வெட்டுவது தனி விவகாரம். பக்கச் சுவரில் கை வைக்கும் முன் படத்தோடு எழுதிக் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், விதிகள் அவ்வப்போது மாறுகின்றன.

2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி என்னும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால். சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் அது பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது; தொழிற்சாலையே அந்த மாடலுக்கு வி8 போட்டிருக்கிறதே என்று வாதாடவும் இடமிருக்கிறது. நான் வாதாடவில்லை. வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். என் வெல்டிங்கை வேறொருவர் கண்ணால் பார்ப்பது எனக்கே நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் படத்தோடு எழுதிக் கொடுத்தேன். பயந்த அளவுக்குத் தொகை ஏறவில்லை.

பணம். இன்ஜினும் கியர்பாக்ஸும் 650 பவுண்டு. மொத்தம் 2500-க்குள் முடியும் என்று வீட்டில் சொன்னேன். ரசீதுகளைக் கூட்டுவதை 7000-ல் நிறுத்திவிட்டேன். அதில் மூன்றில் ஒரு பங்காவது, முதலில் தவறானதை வாங்கிவிட்டு, பிறகு அபிங்டனில் போட்டதையே வாங்கியதற்கான செலவு. எஸ்யு மேனிஃபோல்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

போன மாதம் ஏ420 சாலையில் அபிங்டனுக்குப் போய் வந்தேன். தொழிற்சாலையை 1980 அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். சும்மா அந்தத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரமாக நிறுத்தி, டீ குடித்தேன். திரும்பும் வழியில் ஃபாரிங்டன் மேட்டில் மூன்றாவது கியருக்கு மாற்றாமலே ஐந்தாவதில் ஏறியது. இதற்காகத்தான் எல்லாம் என்று நினைத்த அதே நிமிடம் இனிப்பான ஒரு வாசனை. கூலன்ட். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்லெட் மேனிஃபோல்டின் பின் மூலையில், தகர கேஸ்கெட் முடியும் இடத்தில், ஒரு சொட்டு உருண்டு நிற்கிறது.

கேஸ்கெட் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும். டார்க் ரெஞ்சைத் திருப்பிக் கேட்டு வந்த பெரியவரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.